செம்மண்ணில் இரும்புப் பசி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை, வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் நிற்கும் மரங்களின் இலை மஞ்சளாவதைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாரும் "என்ன உரம் போடலாம்?" என்றே கடிதத்தை முடித்திருக்கிறார்கள். முதலில் மஞ்சளானது கொழுந்தா, முற்றிய இலையா என்பதைக் குறிப்பிட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்த விவரம் தெரியாமல் உரத்தின் பெயரைச் சொல்வது நாடி பார்க்காமல் சூரணம் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பதால், விவரங்களை ஓரளவேனும் எழுதியிருந்த ஐந்து கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முன்வாசலில் மதிற்சுவரை ஒட்டி ஒரு செண்பகமும் ஒரு மகிழமும் வைத்தோம். மகிழம் தேறிவிட்டது. செண்பகத்தில் புதிதாக விடும் இலையெல்லாம் வெளிறிய மஞ்சளாகவே வருகிறது. நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிகின்றன. கீழே உள்ள பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. உரக்கடையில் சொன்னபடி முதலில் யூரியாவும் பின்னர் டி.ஏ.பி.யும் போட்டோம், மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. பாய்ச்சுவது ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். பக்கத்தில் உள்ள இட்லிப்பூச் செடியும் இப்போது அதே போல் ஆகிவருகிறது. மரத்தை எடுத்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி

பதில்: எடுக்க வேண்டாம், அம்மா. நோயும் அதன் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படிப்பதுதான் என் வேலை.

மரத்தின் உடலில் சில சத்துகள் இடம்பெயரக்கூடியவை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் அப்படிப்பட்டவை. தட்டுப்பாடு வந்தால் மரம் அவற்றை முற்றிய இலைகளிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும், ஆகவே அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு அவ்வாறு நகர்வதில்லை. ஓர் இலையில் சேர்ந்த இரும்பு அந்த இலையோடே தங்கிவிடுவதால், வேர் புதிதாக அனுப்பத் தவறினால் கொழுந்துதான் முதலில் பட்டினி கிடக்கும். பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம் என்றாலும், அந்தப் பச்சையத்தை உருவாக்கும் வேலைக்கு இரும்பு வேண்டும். கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை, அடியிலை நலம் என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. இட்லிப்பூவும் அதே கதிக்கு ஆளாகியிருப்பது என் ஐயத்தை உறுதி செய்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் முதலில் முகம் வாடும் செடி அதுதான். செண்பகமும் சற்றே புளிப்புத்தன்மை கொண்ட, ஈரம் குன்றாத மண்ணை விரும்பும் மரம். மகிழம் அந்த அளவுக்குப் பிடிவாதம் பிடிக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பகுதிச் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பு நிறத்தைக் கொடுத்திருப்பதே இரும்புதான். உங்கள் செண்பகம் இரும்பின் மேல் நின்றுகொண்டு இரும்புக்கு ஏங்குகிறது. மண்ணின் கார அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் ஒரு புள்ளி ஏறினால், கரைந்த நிலையில் வேருக்குக் கிடைக்கும் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பி.எச். 7.5-ஐத் தாண்டிய மண்ணில் இரும்பு இருந்தும் இல்லாததே. உங்கள் வாசலில் அதை ஏற்றிவிட்டவை இரண்டாக இருக்கக்கூடும். முதலாவது, மதிற்சுவர் ஓரத்து மண். வீடு கட்டி முடிந்ததும் சிமென்ட் கலவையின் மிச்சத்தையும் பூச்சுக் காரையையும் உடைந்த செங்கல்லையும் அங்கேயே தள்ளி, மேலே அரை அடி செம்மண் பரப்பிவிட்டுப் போவது கொத்தனார்கள் பலரும் செய்வது. இரண்டாவது, ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர். சுடுநீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ஐந்து ஆண்டுகளாக உங்கள் மரத்தின் வேர்ப்பகுதியிலும் படிந்துகொண்டிருக்கிறது.

நான் சொல்வதை நம்பி உடனே செலவு செய்ய வேண்டாம். வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். மரத்தடியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உலர்த்தி, அதன் மேல் நான்கைந்து கரண்டி வினிகர் விட்டுக் காதருகே கொண்டுபோங்கள். சோடா புட்டியைத் திறந்தது போல் மெல்லிய இரைச்சலும் நுரையும் வந்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. கழிவறை கழுவும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்திக் கையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பொறுமை மட்டும் வேண்டும். ஒரு லிட்டர் மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ 5 கிராம் அன்னபேதி உப்பையும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பையும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக இருக்கும் ஓர் இளம் இலையைத் தேர்ந்து, நடுநரம்புக்கு வலப்புறம் மட்டும் தூரிகையால் இருபக்கமும் தடவிவிட்டு, இடப்புறத்தை அப்படியே விட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தடவ வேண்டும். ஏழு முதல் பத்து நாள்களில், தடவிய பாதி பச்சை ஏறி, தடவாத பாதி மஞ்சளாகவே நின்றால், ஒரே இலையில் நோயாளியும் நலமடைந்தவரும் அருகருகே இருப்பதைப் பார்ப்பீர்கள். தடவிய பாதியிலும் மாற்றமே இல்லை என்றால் மாங்கனீசு போன்ற வேறு நுண்சத்தை ஐயுற வேண்டும். அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

சோதனை தேறினால் அதே கரைசலை மரம் முழுவதும், மாலை வேளையில், பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்கலாம். அன்னபேதி வாங்கும்போது வெளிர்பச்சை நிறத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துருப்பிடித்த பழுப்பாக மாறிவிட்ட உப்பு பயன்படாது. தெளிக்கும்போது வாசல் தரைக்கற்களின் மேல் சாக்கு விரித்துக்கொள்வது நல்லது, அந்தக் கறை எளிதில் போகாது. என் வீட்டு வாசலில் விழுந்த கறையை என் மனைவி இன்றும் விருந்தினருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

தெளிப்பு என்பது அப்போதைய பசிக்குக் கொடுக்கும் கஞ்சி மட்டுமே. அடுத்து வரும் கொழுந்து மீண்டும் மஞ்சளாகவே விடும். நிலையான மாற்றம் மண்ணில்தான் வர வேண்டும். கிளைகளின் நிழல் விழும் எல்லைக்குள், பெரிய வேர்களை வெட்டாமல், மதில் ஓரத்து இடிபாட்டை முடிந்தவரை தோண்டி அப்புறப்படுத்துங்கள். 10 கிலோ மக்கிய தொழுவுரத்தில் 100 கிராம் அன்னபேதியைக் கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் நிழலில் மூடிவைத்து, பிறகு நிழல் எல்லையில் ஓர் அடி ஆழக் குழிகள் எட்டுப் பத்துப் போட்டு அதை நிரப்புங்கள். வெறும் அன்னபேதியை நேரே மண்ணில் கொட்டினால், சுண்ணாம்பு அதைச் சில நாள்களில் பயனற்றதாக்கிவிடும். கடையில் கிடைக்கும் இரும்புக் கூட்டு நுண்ணூட்டங்களில் இ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் நிலைக்காது, இ.டி.டி.எச்.ஏ. என்று அச்சிட்ட, கருஞ்சிவப்பு நிறத் தூள்தான் இத்தகைய மண்ணில் வேலை செய்யும். விலை கூடுதல், ஆனால் ஒரு மரத்துக்குச் சிறிதளவே போதும். பொட்டலத்தில் குறித்த அளவை மீற வேண்டாம். மாடியில் விழும் மழைநீரை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தக் குழிகளுக்குத் திருப்பிவிட முடிந்தால், இவை எல்லாவற்றையும்விட அது பெரிய மருந்து.

டி.ஏ.பி.யை நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் இரும்பை மேலும் கட்டிப்போடும். உங்கள் மரத்தில் மஞ்சள் கூடியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். உரக்கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பணியில் சேர்ந்த புதிதில், ஓர் எலுமிச்சை மரம் இதே அடையாளங்களோடு நின்றபோது நானும் யூரியாவைத்தான் எழுதிக் கொடுத்தேன். யூரியாவால் கொழுந்து இன்னும் நிறைய விட்டது, அத்தனையும் மஞ்சள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சாலையில் இருபது புங்க மரங்கள் உள்ளன. மாசி மாதத்திலிருந்து எல்லா மரங்களிலும் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. நோய் பரவுகிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். மருந்து அடிக்க ஆள் பேசியிருக்கிறோம்.
– குடியிருப்போர் நலச் சங்கத்தினர், காட்பாடி

பதில்: பேசிய ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புங்கனும் வேம்பும் அரசும் மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்ப்பது இயல்பு. இருபது மரமும் ஒரே காலத்தில், முற்றிய இலையை மட்டும், புள்ளியோ கருகலோ இல்லாமல் ஒரே சீராக உதிர்ப்பதே அதற்குச் சான்று. சித்திரை பிறப்பதற்குள் எண்ணெய் தடவியது போன்ற புதுத்தளிர் வந்துவிடும். வாதுமை மரம் உதிர்ப்பதற்கு முன் சிவப்பாகிக் காட்டிக்கொடுப்பதால் யாரும் அஞ்சுவதில்லை. புங்கன் மஞ்சளாவதால் இந்தக் கலக்கம். இதே உதிர்வு ஆடியிலோ புரட்டாசியிலோ நேர்ந்தால் அப்போது கவலைப்படலாம். கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே, தண்டைத் தொடாதவாறு பரப்பிவிடுங்கள்.

கேள்வி: வாசலில் வரிசையாக வைத்த பன்னிரண்டு நெட்டிலிங்க மரங்களில், இலையின் நுனியும் ஓரமும் தீயில் காட்டியது போல் கருகி, உட்பக்கம் மஞ்சள் பரவுகிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, குடிநீர் இயந்திரத்தின் கழிவுநீரையும் வீணாக்காமல் அவற்றுக்கே விடுகிறோம். கோடையில் நிலைமை மோசமாகிறது.
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: நீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் அந்த நீர்தான் மரத்தைக் கருக்குகிறது என்று எண்ணுகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பையெல்லாம் கழிவுக் குழாய் வழியே செறிவாக வெளியேற்றுகிறது. மூல நீரே உவர்ப்பாக இருந்தால் கழிவுநீர் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மரம் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கும்போது உப்பு இலை நுனியிலும் ஓரத்திலும் சென்று தங்குவதால், கருகல் அங்கிருந்தே தொடங்குகிறது. கோடையில் மரம் அதிகம் குடிக்கிறது, ஆகவே அதிகம் கருகுகிறது. நுனி கருகிய இலையைப் பார்த்துத் தாகம் என்று எண்ணி அதே நீரை மேலும் ஊற்றினால், உப்பைக் கூட்டியதாகவே முடியும். குளியலறைக்கு மென்னீர்க் கருவி பொருத்தியிருந்தால் அந்த நீரும் மரத்துக்கு ஆகாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. கையில் சோப்பு நன்றாக நுரைக்கும், மண்ணோ இறுகிக் களிம்பாகும்.

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருவதும், அதன் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதும் இப்பகுதியினர் அறிந்தவையே. உங்கள் தெருவின் நீர் அதனால் பாதிக்கப்பட்டதா என்பதைப் பரிசோதனை செய்யாமல் யாரும் சொல்ல இயலாது. பழைய வட ஆற்காட்டில் தொழிற்சாலையே இல்லாத ஊர்களிலும் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுத்தமான புட்டியை அதே நீரில் மும்முறை அலசி, நிரப்பி, மண் மாதிரியோடு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இது பற்றிக் கேட்டறியலாம். அறிக்கையில், கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் என்ற எண்ணைப் பாருங்கள். நீரில் அது மீட்டருக்கு 0.7 டெசிசீமனுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான அழகு மரங்களுக்கு அந்த நீர் ஆகாது.

அதுவரை கழிவுநீரை நிறுத்துங்கள். தரை கழுவவும் கழிவறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். நாள்தோறும் ஒரு வாளி என்று தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை வேர்ப்பகுதி முழுதும் இரண்டடி ஆழம் நனையும்படி பாய்ச்சினால், உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மண்ணின் பி.எச். 8.5-ஐத் தாண்டிச் சோடியமும் மிகுந்திருப்பதாக அறிக்கை சொன்னால் மட்டும் ஜிப்சம் இட்டு, அதன் பிறகு நல்ல நீரால் அலச வேண்டும். உப்பு மட்டுமே மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை, அலசுதலே போதும். மரங்கள் பிழைக்காமல் போனால் அடுத்த முறை பூவரசையோ புங்கனையோ வையுங்கள். நெட்டிலிங்கத்தைப் போல் வரிசையாக நிமிர்ந்து நிற்க மாட்டா. ஆனால் உவர்ப்பைத் தாங்கிக்கொண்டு நிழல் தரும்.

கேள்வி: பள்ளி வளாகத்தில் சென்ற ஆண்டு நட்ட சரக்கொன்றை, மந்தாரைக் கன்றுகளில் அடியிலைகள் நரம்போடு சேர்ந்து முழுதும் வெளிறி உதிர்கின்றன, வளர்ச்சியும் நின்றுவிட்டது. மண் பொலபொலப்பாக இருக்கட்டும் என்று மர அறுவை ஆலையின் தூளை நிறையக் கலந்து குழி நிரப்பினோம்.
– பசுமைப் படை ஆசிரியர், பேரணாம்பட்டு

பதில்: உங்களுக்குத்தான் யூரியா. பச்சை மரத்தூளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், கன்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடியிலை முதலில், நரம்பு உட்பட ஒரே சீராக வெளிறுவது தழைச்சத்துக் குறைவின் அடையாளம். கன்றுக்கு 25 கிராம் யூரியாவைத் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக இட்டு மண்ணைக் கிளறி நீர் விடுங்கள். மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதங்கள் போதும். கூடவே தொழுவுரமோ ஊறவைத்த கடலைப் புண்ணாக்கோ கொடுக்கலாம். இனிமேல் தூளை ஓராண்டு சாணத்தோடு மக்கவைத்த பிறகே குழியில் சேருங்கள். நடும்போது நாற்றுப் பையைக் கிழித்து எடுத்தார்களா என்பதை மட்டும் ஒரு கன்றைச் சுற்றித் தோண்டிப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் பையோடு நட்டுவிட்டிருந்தால் எந்த உரமும் எட்டாது.

கேள்வி: எங்கள் கடைத்தெரு முனையில் ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் தெற்குப் பக்கக் கிளைகளில் மட்டும் இலை சிறுத்து மஞ்சளாகி, நுனிக் கிளைகள் காய்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருவை உயர்த்தி, மரத்தைச் சுற்றித் தண்டு வரை கான்கிரீட் கற்கள் பதித்தார்கள். மரத்தின் அடியில் பலகை போன்ற காளான் ஒன்றும் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வணிகர், குடியாத்தம்

பதில்: ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாவது சத்துக் குறைவால் வருவது அரிது, சத்துக் குறைவு மரத்துக்குப் பக்கம் பார்ப்பதில்லை. தெற்குப் பக்கத்தில் குழாயோ கம்பியோ புதைக்கப் பள்ளம் வெட்டினார்களா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அந்தப் பக்கத்து வேர் அறுந்திருந்தால், அதற்கு நேரே மேலுள்ள கிளைகள் இப்படித்தான் தளரும். உயர்த்திய மண்ணும் பதித்த கல்லும் அதோடு சேர்ந்திருக்கின்றன. மரத்துக்கு உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணிலேயே, கிளை நிழலுக்கும் அப்பால் வரை பரவியிருக்கும். அவை மூச்சுவிட்டாக வேண்டும். தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் அடிப்பகுதி யானைக்கால் போல் விரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டது போல் நேராக இறங்கினால், அடிமரம் புதைந்து கிடக்கிறது என்று பொருள்.

தண்டைச் சுற்றிக் குறைந்தது நாலைந்து அடி தூரத்துக்குக் கல்லைப் பெயர்த்து, ஏற்றிய மண்ணைக் கையால் மெல்ல அகற்றி, அந்த விரிந்த அடி வெளியே தெரியும்வரை கொண்டுவருவதே மருத்துவம். வேர் தளர்ந்த மரத்துக்கு உரம் வேண்டாம். கோடையில் பதினைந்து நாளுக்கொருமுறை மெதுவாக ஊறும்படி நீர் விடுங்கள்.

ஆனால் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் காளானைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பலகை போல் கெட்டியாக, மேலே பழுப்பும் விளிம்பில் வெள்ளையுமாக அடிமரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால், அது வேரழுகலை உண்டாக்கும் கானோடெர்மாவாக இருக்கலாம். அந்தக் காளானைப் பிய்த்தெறிவதால் பயனில்லை, உள்ளே மரம் ஏற்கெனவே மட்கிக்கொண்டிருக்கும். மேலே இலை இருக்கும்போதே அடியோடு சாய்ந்த மரங்கள் உண்டு. கோடை மழைக்கு முன் வீசும் காற்று இப்பகுதியில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். காளானை நன்கு தெரியும்படி படமெடுத்து, மனுவோடு சேர்த்து நகராட்சியில் கொடுத்து, மரம் அறிந்த ஒருவரை அனுப்பி அடிமரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த நிழலில் தள்ளுவண்டி நிறுத்துபவர்களையும் வாகனம் விடுபவர்களையும் வடக்குப் பக்கமாகவும் நிற்க விடாமல், வேறிடத்துக்கு அனுப்பிவையுங்கள்.